பியாங்யாங்ல ஒரு வாரம்: குனிஞ்சதும் அழிச்சதும்

2016 அக்டோபர்ல வட கொரியா போயிட்டு வந்தேன்னு சொன்னா இன்னிக்கும் எல்லாரும் கேக்குற முதல் கேள்வி "எப்படிப்பா உள்ள விட்டாங்க" தான். உண்மையைச் சொல்லணும்னா உள்ள போறது கஷ்டமே இல்லை. இந்திய பாஸ்போர்ட்டுக்கு எந்தத் தடையும் இல்லை, பீஜிங்ல இருக்குற டூர் கம்பெனிகிட்ட பணம் கட்டி பாஸ்போர்ட் காப்பியும் போட்டோவும் அனுப்பினா விசா அவங்களே வாங்கிடுவாங்க, அதுவும் பாஸ்போர்ட்ல ஒட்டமாட்டாங்க, தனி அட்டையா குடுத்து திரும்பி வர்றப்போ வாங்கிக்குவாங்க. தனியா போக முடியாது, டூர்ல தான் போகணும், அவ்ளோதான் விஷயம். (அப்போ நிலவரம் இது. 2020 ஜனவரில கொரோனான்னு எல்லையை மூடினாங்க, அப்புறம் 2024ல ரஷ்யாக்காரங்களுக்கு மட்டும் திறந்தாங்க, திறக்குறதும் மூடுறதுமா போயிட்டு இருக்கு, அதனால கிளம்புறதுக்கு முன்னாடி நல்லா விசாரிச்சுக்கோங்க.)

நான் அப்போ குவாங்சோல ஒரு கம்பெனில வேலை பாத்துட்டு இருந்தேன். திருச்சில இருந்து என் காலேஜ் பிரெண்டு "மச்சான் நானும் வர்றேன்டா"ன்னு ஒட்டிக்கிட்டான். இவனை இனிமே நம்மாளுன்னே சொல்றேன், பேர் வேண்டாம். முதல் பாடம் இவன் மூலமா தான் கிடைச்சுது. சீனா விசா சிங்கிள் என்ட்ரி எடுத்து வெச்சிருந்தான். பீஜிங்ல இருந்து கொரியா போனா சீனாவை விட்டு வெளிய போனதா ஆயிடும், திரும்பி உள்ள வர ரெண்டாவது என்ட்ரி வேணும்ல? கிளம்புறதுக்கு மூணு வாரம் முன்னாடி தற்செயலா கேட்டதால தப்பிச்சோம், மறுபடி அப்ளை பண்ணி டபுள் என்ட்ரி வாங்கினான். இதைக் கவனிக்காம போனா பியாங்யாங் ஸ்டேஷன்ல உக்காந்து அழ வேண்டியது தான்.

அந்த செப்டம்பர் 9ம் தேதி தான் அஞ்சாவது அணுகுண்டு சோதனை நடத்தியிருந்தாங்க. வீட்ல அம்மாகிட்ட "கொரியா போறேன்"னு மட்டும் சொன்னேன், எந்தக் கொரியான்னு சொல்லலை.

பீஜிங் ஆபீஸ்ல கிளம்புற அன்னிக்கு ஒரு மணி நேரம் உக்கார வெச்சு வகுப்பு எடுத்தாங்க. எங்க குரூப்ல மொத்தம் 14 பேர், ஜெர்மன்காரங்க, ஆஸ்திரேலியாக்காரங்க, சிங்கப்பூர் தம்பதி ஒண்ணு, அமெரிக்காக்காரர் ஒருத்தர் (2017 செப்டம்பர்ல தான் அமெரிக்கா தன் மக்கள் அங்க போறதை தடை பண்ணுச்சு, அதுக்கு முன்னாடி அவங்களும் போயிட்டு தான் இருந்தாங்க). அந்த வருஷம் ஜனவரில ஓட்டோ வார்ம்பியர்ங்கற அமெரிக்க மாணவனைப் பிடிச்சு, ஹோட்டல்ல இருந்து பிரசார போஸ்டரைத் திருடப் பாத்தான்னு சொல்லி மார்ச்ல 15 வருஷம் கடின உழைப்புத் தண்டனை குடுத்திருந்தாங்க. நாங்க தங்கப் போறதும் அதே யாங்காக்டோ ஹோட்டல் தான். அதனால வகுப்புல யாரும் சிரிக்கலை. அந்தப் பையன் அடுத்த வருஷம் ஜூன்ல நினைவே இல்லாத நிலைமையில ஊர் திரும்பி சில நாள்ல இறந்துட்டான், அதெல்லாம் அப்புறம் தெரிஞ்சது.

வகுப்புல சொன்னதுல பாதி எனக்கு மறந்துடுச்சு, மறக்காதது ஒண்ணு தான். "நீங்க தப்பு பண்ணா பெரும்பாலும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாது, ஊருக்குப் போயிடுவீங்க. உங்க கைடுகள் அங்கயே தான் இருப்பாங்க." இதை மனசுல வெச்சுக்கிட்டா மிச்ச ரூல் எல்லாம் தானா புரியும்.

பீஜிங்ல சாயங்காலம் ரயில் ஏறினா மறுநாள் காலைல டாண்டோங், அங்க சீன இமிகிரேஷன் முடிச்சு யாலு ஆத்துப் பாலம் தாண்டினா அந்தப் பக்கம் சினுய்ஜு. பக்கத்துலயே 1950ல அமெரிக்க விமானம் குண்டு போட்டு உடைச்ச பழைய பாலம் பாதியோட நிக்குது, சீனப் பக்கம் மட்டும். சினுய்ஜுல ரெண்டு மணி நேரத்துக்கு மேல ரயிலை நிறுத்தி வெச்சு பெட்டி பெட்டியா சோதனை. போன், கேமரா, புத்தகம் எல்லாம் எண்ணி எழுதுவாங்க. மதப் பிரசாரம் மாதிரி எதுவும், அந்த நாட்டைப் பத்தின கைடு புக் எதுவும் கொண்டு போகாதீங்க. நம்மாளு பர்ஸ்ல சின்னதா முருகன் படம். அதிகாரி அதை எடுத்து திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, வேலையும் மயிலையும் விரலால தொட்டு, "கிங்?"னு கேட்டார். நம்மாளு ஒரு நொடி யோசிச்சு "எஸ், கிங்"னான். அவர் மரியாதையா ரெண்டு கையாலயும் திருப்பிக் குடுத்தார். பழனியாண்டவரே ராஜா அலங்காரத்துல நிக்கிறவர் தானே, பொய்னு சொல்ல முடியாது.

ராத்திரி பியாங்யாங் ஸ்டேஷன். ரெண்டு கைடு வந்து நின்னாங்க, நாப்பது வயசுக்கு மேல ஒரு அம்மா, இருபத்தஞ்சு வயசு மதிக்கத்தக்க ஒரு பையன். ரெண்டு பேர் எதுக்குன்னா ஒருத்தரை இன்னொருத்தர் பாத்துக்கத் தான்னு பீஜிங்லயே சொல்லிட்டாங்க. முதல் வேலையா பாஸ்போர்ட்டை வாங்கிக்கிட்டாங்க, ரெண்டாவது வேலையா வாட்ச்சை மாத்தச் சொன்னாங்க. 2015 ஆகஸ்ட்ல தான் ஜப்பான் ஆட்சிக்காலத்து நேரம் வேண்டாம்னு அரை மணி நேரத்தைப் பின்னாடி தள்ளி பியாங்யாங் நேரம்னு ஒண்ணு கொண்டு வந்திருந்தாங்க, அதனால சரியா இந்திய நேரத்தோட மூணு மணி நேரம் கூட்டினா போதும்னு இருந்துச்சு, எங்களுக்கு ரொம்ப வசதி. 2018 மே மாசம் திரும்ப பழையபடி மாத்திட்டாங்க.

யாங்காக்டோ ஹோட்டல் டேடாங் ஆத்துக்கு நடுவுல ஒரு தீவுல இருக்கு, 47 மாடி. தீவுல ஏன் கட்டினாங்கன்னு ரெண்டாம் நாள் புரிஞ்சுது, டூரிஸ்டு யாரும் காலார நடந்து ஊருக்குள்ள போயிட முடியாது. லிப்ட்ல 4க்கு அப்புறம் 6 தான், 5வது மாடிக்குப் பட்டனே கிடையாது. அதைப் போய்ப் பாக்கணும்னு ஆசைப்படாதீங்க. எனக்கும் ஆசை வந்துச்சு, போகலை.

மறுநாள் காலைல மான்சு மலை. எந்த டூரா இருந்தாலும் முதல்ல கூட்டிட்டுப் போற இடம் அது தான், அங்க மரியாதை செலுத்தாம மத்த எடத்துக்கு நகர முடியாது. நாட்டை உருவாக்கின தலைவர் கிம் இல் சுங் சிலை 1972ல அவரோட 60வது பிறந்தநாளுக்கு வெச்சது, பக்கத்துல மகன் கிம் ஜாங் இல் சிலை 2012ல வந்தது, ரெண்டும் 20 மீட்டருக்கு மேல உயரம். மகன் சிலை முதல்ல நீளமான கோட்டு போட்டு இருந்துச்சாம், அடுத்த வருஷமே அவர் வழக்கமா போடுற குட்டை ஜாக்கெட்டுக்கு மாத்திட்டாங்க, வெண்கலத்துல டிரஸ் மாத்துறது அங்க தான் நடக்கும். கீழ ஒரு கடைல நாலஞ்சு யூரோவுக்கு பூங்கொத்து வாங்கி, வரிசையா நின்னு, ஒருத்தர் போய் வெச்சுட்டு வந்து, எல்லாரும் ஒண்ணா குனியணும்.

குனியறதைப் பத்தி வெள்ளைக்காரங்க எல்லாம் முந்தின ராத்திரி பாருல உக்காந்து ரொம்ப யோசிச்சாங்க, ஒரு ஆஸ்திரேலியப் பொண்ணு "என் மனசாட்சிக்கு விரோதம்"னு வாதாடுச்சு. எனக்கும் நம்மாளுக்கும் அதுல பெருசா அதிர்ச்சி இல்லை. கட்அவுட்டுக்குப் பாலாபிஷேகம் பண்றதையும், மெரினால எம்ஜிஆர் சமாதில காதை வெச்சு வாட்ச் சத்தம் கேக்குதான்னு பாக்குறதையும் பாத்து வளர்ந்தவங்க தானே நாம. ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு, அங்க நிக்கிறப்போ தான் தெரியும். மெரினால கும்பிடாம சுண்டல் சாப்பிட்டுட்டே நடந்து போயிடலாம், யாரும் கேக்க மாட்டாங்க.

போட்டோ ரூல் இது தான்: சிலையை எடுத்தா முழுசா எடுக்கணும், கை கால் தலை எதுவும் பிரேம்ல வெட்டுப்படக் கூடாது. சிலை மாதிரி கை நீட்டி போஸ் குடுக்கக் கூடாது, பாக்கெட்ல கை விட்டுட்டு நிக்கக் கூடாது. நம்மாளு எல்லாத்தையும் கேட்டான், தலையை ஆட்டினான், அப்புறம் என்னைய நிக்க வெச்சு போட்டோ எடுத்தான். என் மூஞ்சி நல்லா வரணும்னு கிட்டத்துல எடுத்ததுல பின்னாடி பெரியவரோட முழங்காலுக்குக் கீழ காணோம். கைடம்மா தள்ளி நின்னுட்டு இருந்தவங்க வேகமா வந்தாங்க. கத்தலை, திட்டலை. ரொம்ப மெதுவா, சிரிச்ச முகத்தோட, "ப்ளீஸ், அதை அழிச்சுடுங்க"ன்னாங்க. சிரிப்பு உதட்டுல தான் இருந்துச்சு. பத்தடி தள்ளி பெரிய கேமரா வெச்சுக்கிட்டு உள்ளூர்க்காரர் ஒருத்தர் நின்னாரு, அவர் போட்டோ எடுத்து விக்கிறவரா வேற யாராவதான்னு எனக்குத் தெரியாது, அந்தம்மா பார்வை ரெண்டு தடவை அந்தப் பக்கம் போயிட்டு வந்துச்சு. நம்மாளு உடனே அழிச்சான். அழிச்சதை அவங்க ஸ்கிரீன்ல பாத்துட்டு "தேங்க்யூ, தேங்க்யூ"ன்னு ரெண்டு தடவை சொன்னாங்க. அந்த ரெண்டாவது தேங்க்யூவுல தான் பீஜிங்ல சொன்னது எனக்கு உறைச்சுது.

அதுல இருந்து ஒரு பழக்கம் வெச்சுக்கிட்டோம். போட்டோ எடுக்குறதுக்கு முன்னாடி கேக்குறது. ராணுவத்துக்காரங்க, செக்போஸ்ட், கட்டுமான வேலை இதெல்லாம் எடுக்கவே கூடாது, பஸ் ஜன்னல்ல இருந்தும் கூடாது. ஆச்சரியமா இருந்தது என்னன்னா கேட்டா பெரும்பாலும் சரின்னு தான் சொன்னாங்க. கேக்காம எடுத்த ஜெர்மன்காரர் ஒருத்தர் பின்னாடியே சின்ன கைடு நாள் பூரா நிழல் மாதிரி சுத்துச்சு, பாவம்.

பேச்சுலயும் சில விஷயம் கவனிக்கணும். "நார்த் கொரியா"ன்னு சொன்னா முகம் சுருங்கும், "கொரியா"ன்னு சொன்னா போதும். தலைவர்களை வெறும் பேர் சொல்லாதீங்க, ஜனாதிபதி, ஜெனரல், மார்ஷல்னு முன்னாடி சேத்துக்கோங்க. அவங்க படம் போட்ட செய்தித்தாளை மடிச்சா முகத்துல மடிப்பு விழக் கூடாது, குப்பைல போடவே கூடாது. பெரும்பாலும் எல்லாப் பேப்பர்லயும் முதல் பக்கம் முகம் தான், அதனால நான் பேப்பரே வாங்கலை.

ஜூச்சே கோபுரம் (ஜூச்சேன்னா தற்சார்பு, அது தான் அந்த நாட்டோட கொள்கை), வெற்றி வளைவு இதெல்லாம் அன்னிக்கு மதியமே முடிஞ்சுது. ரெண்டும் 1982ல கிம் இல் சுங்கோட 70வது பிறந்தநாளுக்குக் கட்டினது. வளைவு 60 மீட்டர், பாரிஸ்ல இருக்குறதை விட பத்து மீட்டர் ஒசரம், அதைக் கைடு ஒரு தடவைக்கு மூணு தடவை சொன்னாங்க. கோபுரம் 170 மீட்டர், மேல தீபம் மாதிரி சிவப்பு விளக்கு. 25,550 கல்லு வெச்சுக் கட்டினதாம், எழுபது வருஷம் பெருக்கல் 365 நாள், அவர் வாழ்ந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கல்லு. நம்மாளு கணக்கு வாத்தியார் பையன், போன் கால்குலேட்டர் இல்லாமயே "லீப் வருஷத்தை விட்டுட்டாங்களேடா"ன்னு என் காதுல சொன்னான், நான் அவன் காலை மிதிச்சேன். லிப்டுக்கு தனியா 5 யூரோ, மேல இருந்து பாத்தா ஊரு முழுக்கத் தெரியும், நல்ல நாளாப் பாத்து ஏறுங்க. அங்க இருந்து தான் ர்யுக்யாங் ஹோட்டலும் நல்லா தெரிஞ்சுது, 105 மாடி பிரமிடு, 1987ல ஆரம்பிச்சு நடுவுல பல வருஷம் வெறும் எலும்புக்கூடா நின்னு அப்புறம் கண்ணாடி போட்டு மூடி, அப்பவும் திறக்கலை. ஊர்ல எங்க நின்னாலும் தெரியுற கட்டடம், அதைப் பத்தி மட்டும் கைடுங்க வாயே திறக்கலை. நாங்களும் கேக்கலை.

மெட்ரோ எனக்கு ரொம்பப் பிடிச்சுது. 1973ல திறந்தது, சுமாரா 110 மீட்டர் ஆழம், எஸ்கலேட்டர்ல நின்னுட்டே இருக்கணும், முடியவே முடியாது. கீழ போனா சரவிளக்கும் மொசைக் ஓவியமுமா கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு. பெர்லின்ல ஓடின பழைய பெட்டிங்க, ஒவ்வொரு பெட்டிலயும் ரெண்டு தலைவர் படம். அங்க தான் ஒரு பாட்டி எழுந்து நின்னு எனக்கு சீட் குடுத்துச்சு, நான் வேண்டாம்னு கையெடுத்துக் கும்பிட, பாட்டியும் பதிலுக்குக் குனிய, நான் மறுபடி கும்பிடன்னு ரெண்டு ஸ்டேஷன் அப்படியே போச்சு. அந்த வாரம் நான் குனிஞ்சதுல யாரும் சொல்லாம குனிஞ்சது அது ஒண்ணு தான்.

சனிக்கிழமை பன்முன்ஜோம், ரெண்டு கொரியாவுக்கும் நடுவுல இருக்குற எல்லை. தெற்கே ரெண்டரை மணி நேரம், அகலமான ரோடு, வண்டியே இல்லை, நடுநடுவுல செக்போஸ்ட். எல்லைல ஒரு ராணுவ அதிகாரி கூட வந்து விளக்குறார், 1953 ஜூலை 27 கொரியப் போர் நிறுத்தக் கையெழுத்து போட்ட மண்டபம், மேஜை, கொடி எல்லாம் காட்டுறாங்க. அப்புறம் அந்த நீல நிறக் கூடாரம் மாதிரி வீடுங்க, நடுவுல எல்லைக்கோடு, உள்ள போயி மேஜையைச் சுத்தி வந்தா தென் கொரியாவுல நிக்கிறோம்.

இங்க நான் வாயைக் கட்டிக்க ரொம்ப கஷ்டப்பட்டேன். ஏன்னா இந்த எல்லைல இந்தியாவுக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. போர் நின்னப்போ ஊர் திரும்ப விரும்பாத கைதிகளை என்ன பண்றதுன்னு முடிவு பண்ண நடுநிலை நாடுகள் கமிஷன் போட்டாங்க, அதுக்குத் தலைவர் நம்ம ஜெனரல் திம்மய்யா. கைதிகளைக் காக்க இந்தியப் படை வந்துச்சு. தென் கொரிய ஜனாதிபதி சிங்மன் ரீ இந்தியப் படை தன் மண்ணுல கால் வைக்கக் கூடாதுன்னுட்டார், அதனால இஞ்சான் துறைமுகத்துல இருந்து ஹெலிகாப்டர்லயே தூக்கிட்டு வந்து இந்த எல்லைப் பகுதில இறக்கினாங்க. கடைசில ரெண்டு கொரியாவும் வேண்டாம், சீனாவும் வேண்டாம்னு சொன்ன 88 பேரை 1954ல கப்பல்ல நம்ம சென்னைக்குத் தான் கூட்டிட்டு வந்தாங்க. இதை அந்த அதிகாரிகிட்ட சொல்லலாமான்னு மெதுவா கைடம்மாகிட்ட கேட்டேன். அவங்க கொஞ்ச நேரம் யோசிச்சு, "இந்தியா எங்கள் நண்பர்"னு மட்டும் சொல்லுங்கன்னாங்க. நான் அப்படியே சொன்னேன், அதிகாரி கை குடுத்தார், கூட நின்னு போட்டோ எடுத்துக்கிட்டார்.

சொல்லாதது இன்னொண்ணு இருக்கு. 1950 நவம்பர்ல லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ்ங்கற நம்ம தமிழ் டாக்டர் தலைமைல 60வது பாராசூட் பீல்டு ஆம்புலன்ஸ்னு இந்திய ராணுவ மருத்துவக் குழு பியாங்யாங் வரைக்கும் வந்துச்சு. டிசம்பர்ல சீனப் படை நெருங்கினதும் ஐநா படை பின்வாங்க, மருந்து சாமானை எல்லாம் விட்டுட்டு வரச் சொன்னாங்க. இவங்க விடலை. ஒரு நீராவி எஞ்சினைக் கண்டுபிடிச்சு, பெட்டில சாமானை ஏத்தி, நம்ம ஆளுங்களே கொதிகலனைப் பத்த வெச்சு ஓட்டிட்டு, பாலத்தைத் தகர்க்குறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஆத்தைத் தாண்டிட்டாங்க. அதே டேடாங் ஆறு தான் எங்க ரூம் ஜன்னலுக்குக் கீழ. தினம் ராத்திரி அந்த இருட்டுத் தண்ணியைப் பாத்துட்டு அதை நினைச்சுப்பேன். ஆனா அவங்க சேவை பண்ணது ஐநா பக்கம், அதாவது அங்க இருக்கிறவங்க கணக்குல எதிரிப் பக்கம். நம்ம பெருமை அங்க செல்லாது. சரித்திரம் தெரிஞ்சவங்களுக்கு நான் சொல்றது இது தான், தெரிஞ்சதை எல்லாம் பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போங்க. வாதாடினா ஜெயிக்கவும் முடியாது, நாம பேசப் பேச கைடு தான் வேர்த்துக்கிட்டு நிப்பாங்க.

ஞாயித்துக்கிழமை கும்சுசான் சூரிய மாளிகை, ரெண்டு தலைவர்களோட உடம்பையும் வெச்சிருக்குற இடம். அப்போ வியாழன், ஞாயிறு மட்டும் தான் வெளிநாட்டுக்காரங்களை விட்டாங்க, அதனால டூர் தேதி பாக்குறப்போ இந்த நாள் வருதான்னு பாத்துக்கோங்க. ஆம்பளைங்க சட்டை, டை கட்டாயம், ஜீன்ஸ், ஸ்போர்ட்ஸ் ஷூ கூடாது. நம்மாளு டை கொண்டு வரலை, சிங்கப்பூர்க்காரர்கிட்ட கடன் வாங்கினான், டைல சின்னச் சின்ன மிக்கி மவுஸ். கைடம்மா கண்ணை மூடித் திறந்தாங்க, அப்புறம் சின்ன கைடு தன் டையைக் கழட்டிக் குடுத்துட்டு உள்ள வராம பஸ்லயே இருந்துடுச்சு.

கிம் இல் சுங் உயிரோட இருந்தப்போ அது தான் அவரோட மாளிகை. 1994 ஜூலை 8 அவர் இறந்ததும் நினைவிடமா மாத்தினாங்க, 2011 டிசம்பர் 17 மகன் இறந்ததும் அவரையும் அங்கயே வெச்சாங்க. போன், கேமரா, பேனா, சில்லறை எல்லாம் வெளியவே வாங்கிக்குவாங்க. ஷூ அடிப்பாகத்தைத் துடைக்க சுத்துற பிரஷ். அப்புறம் ஏர்போர்ட்ல இருக்குற மாதிரி நகரும் நடைபாதை, ஆனா அதுல நடக்கக் கூடாது, நிக்கணும், ஆமை வேகத்துல நூறு நூறு மீட்டரா போயிட்டே இருக்கும், ரெண்டு பக்கமும் போட்டோ, மெல்லிசா சங்கீதம். எதிர்ப் பக்கத்துல பாத்துட்டுத் திரும்புற உள்ளூர் ஜனம், பொம்பளைங்க எல்லாம் பட்டு மாதிரி பளபளன்னு கொரிய உடை. அவங்க எங்களைப் பாக்க, நாங்க அவங்களைப் பாக்க, யாரும் பேசாம அப்படியே ரெண்டு வரிசை ஒண்ணை ஒண்ணு கடந்து போறது இருக்கே, உள்ள வெச்சிருக்குற உடம்பை விட எனக்கு அது தான் நினைவுல நிக்குது.

அப்புறம் காத்து ஊதி தூசி தட்டுற சந்து, அதைத் தாண்டினா சிவப்பா மங்கலான வெளிச்சத்துல கண்ணாடிப் பெட்டி. நாலு நாலு பேரா போகணும். கால் பக்கம் ஒரு தடவை, இடது பக்கம் ஒரு தடவை, வலது பக்கம் ஒரு தடவை குனியணும், தலைப் பக்கம் குனியக் கூடாது. இதே மாதிரி மகனுக்கும். எனக்கு முன்னாடி போன ஒரு வயசான பொம்பளை குலுங்கிக் குலுங்கி அழுதாங்க. அது நடிப்பா நிஜமான்னு ஊருக்கு வந்ததும் எல்லாரும் கேக்குறாங்க. எனக்குத் தெரியலை, ஒருத்தர் அழுறதைப் பாத்து அதை எடை போடுற அளவுக்கு அங்க எனக்குத் தெம்பும் இல்லை. பக்கத்து அறைங்கள்ல மெடல், பட்டம், கார், ரயில் பெட்டி, மகனோட ரயில் பெட்டி மேஜை மேல ஒரு ஆப்பிள் லேப்டாப். அதைப் பாத்து நம்மாளு என்னைப் பாத்தான், நான் தரையைப் பாத்தேன்.

திங்கக்கிழமை வடக்கே மியோஹ்யாங் மலை, நட்புக் கண்காட்சி. உலகம் பூரா இருந்து தலைவர்களுக்கு வந்த பரிசுங்க, ஒரு லட்சத்துக்கு மேலன்னு சொல்றாங்க, 1978ல திறந்தது. ஷூவுக்கு மேல துணி உறை மாட்டி, டன் கணக்குல எடை இருக்குற வெண்கலக் கதவை ஒருத்தரைத் தள்ளச் சொன்னாங்க. ஸ்டாலின் குடுத்த ரயில் பெட்டி, மாவோ குடுத்த ரயில் பெட்டி, 2000ல அமெரிக்க அமைச்சர் மேடலின் ஆல்பிரைட் கொண்டு வந்த மைக்கேல் ஜோர்டான் கையெழுத்து போட்ட பாஸ்கட் பால், நிகரகுவால இருந்து வந்த பஞ்சடைச்ச முதலை, அது நின்னுக்கிட்டு கைல தட்டு ஏந்தி பரிமாறுது. நேரம் பத்தாது, எந்த நாடு பாக்கணும்னு கேப்பாங்க, இந்தியான்னு கேட்டோம், சந்தனமும் தந்தமும் தாஜ்மஹால் பொம்மையும் இருந்துச்சு, நம்ம ஊர் கல்யாண ரிசப்ஷன்ல வர்ற அதே தாஜ்மஹால் தான்.

செவ்வாய் போர் அருங்காட்சியகம். வாசல்ல ஆத்துல கட்டிப் போட்டிருக்குற பியூப்ளோ கப்பல், 1968 ஜனவரி 23 அன்னிக்குப் பிடிச்ச அமெரிக்க உளவுக் கப்பல். 83 பேர்ல ஒருத்தர் அப்பவே செத்துட்டார், மிச்ச 82 பேரை 11 மாசம் வெச்சிருந்து, மன்னிப்புக் கடிதத்துல அமெரிக்கா கையெழுத்து போட்டப்புறம் விட்டாங்க. அமெரிக்கக் கடற்படை கணக்குல அது இன்னும் சேவைல இருக்குற கப்பல் தான். எங்க குரூப் அமெரிக்கக்காரர் அங்க போட்டுக் காட்டின படத்தை முழுசாப் பாத்தார், குண்டு துளைச்ச ஓட்டையைச் சுத்தி சிவப்பு வட்டம் போட்டிருந்ததைப் பாத்தார், ஒரு வார்த்தை பேசலை. வெளிய வந்ததும் கைடம்மா அவருக்கு மட்டும் ஒரு தண்ணி பாட்டில் குடுத்தாங்க.

சாப்பாடு பத்தி ரெண்டு வரி. நம்மாளு சைவம், முன்னாடியே எழுதிக் குடுத்தோம், முட்டையும் டோஃபுவும் தாராளமா குடுத்தாங்க, ஆனா கிம்ச்சில மீன் சாறோ எறா உப்போ இருக்கும், அதைக் கேட்டுக்கோங்க. தக்காளித் தொக்கு ஒரு பாட்டில் கொண்டு போனது தெய்வச் செயல், சின்ன கைடு அதை சோத்துல போட்டு சாப்பிட்டுட்டு கண்ணுல தண்ணியோட "வெரி குட்"னுச்சு. காசு யூரோவாவும் சீன யுவானாவும் சின்ன நோட்டா வெச்சுக்கோங்க, கிழிஞ்ச நோட்டு வாங்கமாட்டாங்க, பாக்கி சில்லறைக்கு சூயிங்கம் குடுப்பாங்க. உள்ளூர் பணம் நமக்குக் கிடையாது. கடைசி நாள் கைடுகளுக்கும் டிரைவருக்கும் கவர்ல பணம் குடுக்குறது வழக்கம், குரூப்பா சேத்துக் குடுத்தோம்.

புதன்கிழமை ஸ்டேஷன்ல பாஸ்போர்ட்டைத் திருப்பிக் குடுத்துட்டு ரயில் நகருற வரைக்கும் ரெண்டு பேரும் நின்னாங்க. சினுய்ஜுல மறுபடி சோதனை, இந்தத் தடவை போட்டோவை ஒண்ணொண்ணா பாத்தாங்க. நம்மாளு போனை ஒரு சின்னப் பையன் சிப்பாய் வாங்கி தள்ளிட்டே போறான், அப்போ தான் நம்மாளு முகம் வெளுத்துச்சு. அழிச்ச படம் உடனே போயிடாது, அழிச்சதுக்குன்னு ஒரு போல்டர்ல முப்பது நாள் உக்காந்திருக்கும்ல. இதை யாரும் எங்களுக்குச் சொல்லலை, நான் இப்போ சொல்றேன், அங்கயும் போயி அழிச்சுடுங்க. சிப்பாய் மெட்ரோ பாட்டி படத்துல கொஞ்ச நேரம் நின்னான், சிரிச்சான், போனைக் குடுத்துட்டான்.

பாலம் தாண்டி டாண்டோங் வந்து சிக்னல் வந்ததும் எல்லாரும் போன்ல மூழ்கிட்டாங்க. நம்மாளு அந்த போல்டரைத் திறந்து படத்தைக் காட்டினான். நான் இளிச்சுக்கிட்டு நிக்கிறேன், பின்னாடி முழங்கால் வரைக்கும் தான் பெரியவர். ஓரத்துல, பிரேம் முடியுற எடத்துல, கைடம்மா. பாதி தூரம் வந்துட்டாங்க, ஒரு கை தூக்கின மாதிரி இருக்கு, முகத்துல இன்னும் சிரிப்பு வரலை. "இதை என்னடா பண்றது"ன்னான். டீ வந்துச்சு, குடிச்சோம். அதுக்கு அப்புறம் அவன் தான் அழிச்சான், அந்த போல்டர்லயும்.